திருவல்லிக்கேணியா, பெசன்ட் நகரா?

லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்பது கடல். வேலூர்க் கோட்டை அகழியைக் காட்டி எத்தனை நாள் சமாளிப்பது? சென்னைக்குத்தான் போகணும். அங்கே எந்தக் கடற்கரை என்று பார்ப்போம்.

போக்குவரத்து: காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில், திருவல்லிக்கேணியிலேயே இறங்கலாம்.
பெசன்ட் நகருக்கு பஸ்ஸோ ஆட்டோவோதான். செலவு கூடும்.

பழமை: இதில் திருவல்லிக்கேணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆழ்வார்கள் பாடிய பார்த்தசாரதி கோயில் இருக்கிறது. 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். பக்கத்திலுள்ள சேப்பாக்கம் அரண்மனையை 1768-ல் எழுப்பியவர் நம்ம ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. வாலாஜாபேட்டைக்காரர்கள் உரிமையோடு பார்த்துவிட்டு வரலாம்!
பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா ஆலயம், 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம்.

மணல்: திருவல்லிக்கேணியை ஒட்டிய மெரினாவில் அலையைத் தொடவே நெடுந்தூரம் நடக்கணும், முழங்கால் வலிக்காரர்கள் பாவம். பெசன்ட் நகரில் நடை குறைவு.
குளியல் இரண்டிலும் வேண்டாம்.

சரித்திரப் பிரியர்களும் கைச்செலவு பார்ப்பவர்களும் திருவல்லிக்கேணிக்குப் போகலாம். பாட்டியைக் கூட்டிக்கொண்டு, சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து காற்று வாங்கணும் என்றால் பெசன்ட் நகர்.