என்வ் வேரியபிள் கமாண்ட் தப்பா இருந்தா எங்க தப்பிக்கலாம், எங்க மாட்டுவோம்?

என்வ் வேரியபிள்னா பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் யூஆர்எல் மாதிரி செட்டிங்கை கோட்ல எழுதாம வெளியில இருந்து ஆப்புக்கு கொடுக்கற பேரு-வேல்யூ ஜோடி. அதை செட் பண்ண ரீட்மீல (ப்ராஜெக்ட்டோட வழிகாட்டி டாக்ல) தப்பா இருக்கற கமாண்ட் எரர் அடிச்சா நல்லதுங்க, எரரே அடிக்காம ஓடி முடிக்கற தப்பு கமாண்ட் தான் ப்ரொடக்‌ஷனை சாய்க்கும்.

ஆப்பை ஓட்டித் தர்ற கிளவுட் சர்வீஸ் ஒவ்வொண்ணுலயும் இந்த கமாண்ட் வேற. ஹெரோகுல கான்ஃபிக்:செட் போட்டு கீ (வேரியபிள் பேரு), ஈக்வல், வேல்யூ. ஈக்வலுக்கு பதிலா ஸ்பேஸ் விட்டா ஃபார்மேட் தப்புன்னு அங்கயே நிறுத்திடும். கிளவுட் ஃபவுண்டரில அப்படியே தலைகீழ், அதோட சிஎஃப் செட்-என்வ் கமாண்டுக்கு ஆப் பேரு, கீ, வேல்யூ மூணுக்கும் நடுவுல ஸ்பேஸ் தான், ஈக்வல் போட்டா ஏத்துக்காது. ஹெரோகு ஆப்பை தானாவே ரீஸ்டார்ட் பண்ணிடும், சிஎஃப்ல நாம தான் ரீஸ்டார்ட்டோ ரீஸ்டேஜோ (ஆப்பை திரும்ப பில்ட் பண்றது) கொடுக்கணும், அந்த ஒரு வரி டாக்ல இல்லன்னா புது வேல்யூ ஆப்புக்கு போய் சேராது, படிக்கறவன் கோட்ல பக் தேடிட்டு இருப்பான்.

இதெல்லாம் கூட பரவால்ல. கூகுள் கிளவுட் ரன்ல --செட்-என்வ்-வார்ஸ்னு ஒண்ணு, --அப்டேட்-என்வ்-வார்ஸ்னு ஒண்ணு. செட்னு பாத்ததும் ஹெரோகு பழக்கத்துல ஒரே ஒரு லாக் லெவலை (எவ்வளவு லாக் எழுதணும்ங்கற செட்டிங்) மாத்தலாம்னு ஓட்டினா, டேட்டாபேஸ் யூஆர்எல், ஏபிஐ கீ எல்லாம் போயி அந்த லாக் லெவல் மட்டும் மிஞ்சும், ஏன்னா அது பழைய லிஸ்ட்டையே தூக்கிட்டு புதுசு வைக்குது. டாக்ல இருக்க வேண்டியது அப்டேட் தான், இதுல ரெண்டு கருத்துக்கு இடமே இல்ல. ஆறுதல் என்னன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் தனி ரிவிஷன் (ஆப்போட ஒரு பதிப்பு) உருவாகுது, டிராஃபிக்கை பழைய ரிவிஷனுக்கு திருப்பிட்டா பழைய வேல்யூவோட ஓடும். ஹெரோகுல ரோல்பேக்கும் (பழைய ரிலீஸுக்கு திரும்பறது) கான்ஃபிக்கை சேத்தே திருப்பிடும்.

ஏடபிள்யூஎஸ் லாம்டால அந்த ஆறுதலும் இல்ல. அப்டேட்-ஃபங்ஷன்-கான்ஃபிகரேஷன்னு பேருல அப்டேட் இருக்கும், ஆனா --என்விரான்மென்ட்ல நீங்க கொடுக்கறது தான் முழு லிஸ்ட், விட்டதெல்லாம் காலி. முன்னாடியே வெர்ஷன் பப்ளிஷ் பண்ணி அப்ப இருந்த நிலையை பூட்டி வெக்கலன்னா பழைய வேல்யூவை லாம்டால தேடி பிரயோஜனமில்ல. அதனால லாம்டாக்கு டாக் எழுதறவங்க, கெட்-ஃபங்ஷன்-கான்ஃபிகரேஷன் ஓட்டி இப்ப இருக்கறத எடுத்து வெச்சுக்கோங்கன்னு அந்த அப்டேட் கமாண்டுக்கு மேல ஒரு வரி கண்டிப்பா எழுதணும். அஷ்யூர்ல வெப்ஆப்போட ஆப்செட்டிங்ஸ் செட் மத்த கீயை தொடாது, அங்க இந்த பயம் வேணாம்.

இன்னொண்ணு, எந்த கிளவுடா இருந்தாலும் பேஷ்ல (கமாண்டை டைப் பண்ணி ஓட்டற ஷெல்) இது பொது: பாஸ்வேர்ட் நடுவுல $9 இருந்து டபுள் கோட்ஸ் போட்டா ஷெல் அதை தன்னோட வேரியபிள்னு எடுத்து முழுங்கிடும், எழுத்து குறைஞ்ச பாஸ்வேர்ட் தான் சேவ் ஆகும், எரரும் வராது. டாக்ல சிங்கிள் கோட்ஸா மாத்திடுங்க.