ஒரே மேசையில் இரண்டு மருத்துவர்கள்: குடல் – நுரையீரல் கூட்டுப் பிரிவில் ஓராண்டு

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய் எனக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் நுரையீரலிலும் நெஞ்சின் நிணநீர்க் கட்டிகளிலும் அழற்சியை உண்டாக்கும் சார்காய்டோசிஸும் இருப்பது தெரிந்து இரண்டு ஆண்டுகள். குடலுக்கு ஓரிடம், நெஞ்சுக்கு ஓரிடம் என்று அலைந்து சலித்த பிறகு, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை மாதம் இருமுறை நடத்தும் கூட்டுப் பிரிவுக்கு ஓராண்டாகச் சென்று வருகிறேன். அங்கே குடல் மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்த்துப் பேசுகிறார்கள். குறைகளையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாளிலேயே அதன் பயன் தெரிந்தது. ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும் என்பதால், முன்பு பார்த்த இடத்தில் கால்சியம் மாத்திரையும் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி தூளும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; குடல் நோயாளிக்கு அது வழக்கமான சீட்டுதான். நுரையீரல் மருத்துவரின் பேனா அந்த வரியில் நின்றது. சார்காய்டோசிஸில் உருவாகும் கிரானுலோமா என்னும் உயிரணுத் திரள்கள் வைட்டமின் டியைத் தாமே வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடுவதால், இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடக்கூடும் என்று விளக்கி, அன்றே இரத்தம் எடுக்கச் சொன்னார். அளவு 11.4 என்று வந்தது, 10.5க்கு மேல் போகக்கூடாதாம். மாதக்கணக்கில் இருந்த தாகத்தையும் சோர்வையும் நான் குடலின் கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறேன்.

க்ரோனிலும் கிரானுலோமா உண்டு, காசநோயிலும் உண்டு என்பதால், நம் நாட்டில் இந்த மூன்றையும் பிரித்தறிவதே பெரும்பாடு. என் பழைய கொலோனோஸ்கோபியில் (பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை) எடுத்த பயாப்ஸி திசுவைப் பதித்த கண்ணாடிச் சில்லுகளை வரவழைத்து, நெஞ்சு நிணநீர்க் கட்டியிலிருந்து எடுத்த திசுவுடன் சேர்த்து ஒரே நோய்க்கூறியல் மருத்துவரிடம் காட்டினார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடங்கும் முன், சார்காய்டோசிஸ் தோலின் எதிர்வினையை மழுங்கடிக்கும் என்பதால் தோலில் ஊசி போட்டுக் காசநோய்த் தொற்றைப் பார்க்கும் மாண்டூ சோதனையை மட்டும் நம்பாமல், காசநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். அந்த மருந்து இரு நோய்களுக்கும் உதவக்கூடியது. ஆனால் அதே வகை மருந்துகள் அரிதாகச் சார்காய்டோசிஸ் போன்ற கட்டிகளை உண்டாக்குவதும் உண்டு. அதனால் கட்டி முதலில் வந்ததா, மருந்து முதலில் வந்ததா என்று தேதிவாரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகளில் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாகத் தேதி கேட்டதில்லை.

மருந்தேற்றும் பிரிவிலும் குறையில்லை. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் 58 கிலோ எடையுள்ள எனக்கு 290 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பிகள் மூன்று. இரண்டு மணி நேர டிரிப்பின்போது செவிலியர் அரைமணிக்கொரு முறை இரத்த அழுத்தம் பார்க்கிறார்.

இனிக் குறைகள். ஒரே அறையில் ஒரே நேரத்தில் பார்த்தாலும் இரண்டு மருத்துவர் கட்டணமும் தனித்தனியாகவே பில்லில் ஏறுகின்றன. இரு நோய்களும் கண்ணின் நடுப்படலத்தை அழற்சிக்கு உள்ளாக்கக்கூடியவை என்று தெரிந்தும் கண் மருத்துவரைச் சேர்க்கவில்லை. அதற்கு வேறு கட்டடம், வேறு டோக்கன், வேறு நாள். பத்து மணி டோக்கனுக்கு ஒருமுறை 1.20க்குத்தான் அழைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், குடல் நோயாளிகள் நாற்பது பேர் காத்திருக்கும் கூடத்துக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் எக்ஸ்ரே அறையைத் தாண்டித் தாழ்வாரத்தின் கோடியில் இருப்பதை எப்படிப் பொறுப்பது? இருமுறை புகார்ப் புத்தகத்தில் எழுதியும் பதில் இல்லை.

இரண்டு நோய்களும் உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். பழைய பயாப்ஸி அறிக்கையோடு சில்லுகளையும், இதுவரை எடுத்த மருந்துகளின் தேதிகளையும் கையோடு கொண்டு போங்கள். நான் இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கே போய், தாழ்வாரத்துக் கோடியில் உள்ள நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்.