ஓபரா ஹவுஸும் பேத்தியும்: ஒரு சட்டைப்பை கேமராவோடு சில வருடங்கள்

மகள் குடும்பம் சிட்னியில், பாரமட்டா பக்கம் இருக்கிறது. கத்திரி தொடங்கும்போது வேலூரைவிட்டுக் கிளம்பி, ஆடி பிறப்பதற்குள் திரும்புவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப் போகும்போதெல்லாம் என்னோடு வருவது ஒரே கேமராதான். 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், 24-70 மில்லிமீட்டருக்குச் சமமான ஜூம், எடை 300 கிராமுக்குள். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் "என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓபரா ஹவுஸை மட்டும் எடுப்பதற்கு நாம் கேமரா சுமக்க வேண்டியதில்லை. 1973இல் திறந்த நாளிலிருந்து அதை எல்லா நேரத்திலும் எல்லாக் கோணத்திலும் எடுத்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஆட்கள் அதன் முன்னால் நிற்கும் படம்தான் வேறு யாரிடமும் கிடைக்காது. அந்தப் படம் நன்றாக வர வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். இந்தக் கேமராவையும் அதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

எனக்கு அதிகம் உதவியது ஜூமின் 70 மில்லிமீட்டர் முனை, அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் முனை; 24 என்பது அகலமாகக் காட்டும் முனை. பெரும்பாலானோர் கட்டடத்தின் காலடிக்கே போய், அகலமான லென்ஸில், ஆளையும் கூரையையும் சேர்த்து அடக்கப் பார்க்கிறார்கள். கூரை சாய்ந்து போகும், ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும். நான் அங்கிருந்து விலகிப் போய்விடுவேன். ஓபரா ஹவுஸுக்குப் பக்கத்து ஃபெர்ரித் துறையான சர்க்குலர் கீயிலிருந்து தாவரவியல் பூங்கா வழியாக நிதானமாக நடந்தால் மிசஸ் மெக்குவாரி முனை வரும். ஆளுநரின் மனைவிக்காக 1810இல் கைதிகள் பாறையில் செதுக்கிய இருக்கை அங்கேதான் இருக்கிறது. அங்கே பேத்தியைத் தடுப்புச் சுவர் ஓரமாக நிறுத்தி, நான் நாலைந்து அடி பின்னால் போய் 70இல் எடுத்தால், அவள் தோளுக்குப் பின்னால் ஓபரா ஹவுஸும் அதன் பின்னால் துறைமுகப் பாலமும் பெரிதாக வந்து நிற்கும். அதே இடத்தில் 24இல் எடுத்தால் கட்டடம் தூரத்து வெள்ளைப் பொட்டாகிவிடும். தாத்தா பாட்டிகளுக்கு இன்னொரு வசதி, படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியதில்லை.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். நம் ஊரில் நண்பகல் என்றால் சூரியன் தலைக்கு மேல். கண்குழி கறுத்துவிடும், அந்த நேரத்தில் படமே எடுக்க மாட்டோம். சிட்னியில் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. ஜூன் மாதம் அங்கே குளிர்காலம் என்பதால் நண்பகலிலும் அது சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். சாய்ந்த வெயில், முகத்துக்கு அழகு. துறைமுகத்தின் வடகரையில் கிரிபில்லிப் பக்கம் நின்றால் சூரியன் நம் முதுகில்; எதிரே ஓபரா ஹவுஸ் முழு வெளிச்சத்தில் இருக்கும். மெக்குவாரி முனையிலிருந்து பார்ப்பது மேற்கு நோக்கி. அதனால் காலையில் போனால் கட்டடத்தின் மேல் வெயில் விழும், மாலையில் போனால் பாலத்துக்குப் பின்னால் வானம் சிவந்து எல்லாம் நிழலுருவமாகும். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பூங்காவின் வாசல்களையும் இருட்டுவதற்குள் மூடிவிடுவார்கள். மாலைப் படத்துக்குப் போனால் திரும்ப ஆர்ட் கேலரி பக்கத்துச் சாலையைப் பிடியுங்கள்.

கேமராவின் ஆட்டோ தடுமாறுவது நம் நிறத்தில்தான். ஓபரா ஹவுஸ் கூரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள், ஸ்வீடனில் செய்தவை. பளபளக்கும் வெள்ளையும் மங்கலான வெண்பழுப்பும் கலந்து பதித்திருக்கிறார்கள். ஃபிரேமில் வெள்ளை நிறைந்ததும் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துக் குறைக்கும், மாநிற முகம் இருண்டு போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 கூட்டி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முகம் எதிர்வெயிலில் இருந்தால், மேலே எழும்பும் சின்ன ஃபிளாஷைப் பகலிலும் போடுகிறேன். இரண்டு மீட்டர் தூரம்வரை அது நன்றாகவே வேலை செய்கிறது. இதையெல்லாம் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் போய், கருங்கல் மதில் முன்னால் வெள்ளைச் சட்டைக்காரரை ஒரு முறை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அங்கே நேர்மாறு: கல் கறுப்பு என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, சட்டையை வெளுக்கடித்துவிடும். குறைக்க வேண்டும். இந்த ஒரு பயிற்சி கையில் இருந்தால் எந்த ஊர்க் கட்டடமும் பயமுறுத்தாது.

லென்ஸின் எஃப் 1.8 திறப்பு அகலமானது, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும்; அந்தி நேரத்தில் அது பெரிய பலம். இருட்டிய பிறகு கேமராவைச் சுவர் மேல் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு எடுக்கிறேன். ஸ்டாண்ட் கொண்டு போவதில்லை. பாரமட்டாவிலிருந்து வரும் ஃபெர்ரி துறைமுகப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறது. முன்தளத்தில் இடம் பிடித்தால், பாலம் தலைக்கு மேலே கடந்து போனதும் ஓபரா ஹவுஸ் திறந்து தெரியும். அந்தச் சில நொடிகளுக்காகவே ரயிலை விட்டுவிட்டு ஃபெர்ரியில் போகலாம் என்பேன்.

குறைகள் உண்டு. லென்ஸ் உள்ளே வெளியே போய் வருவதால் நம் ஊர்த் தூசி சென்சார்வரை புகுந்துவிட்டது. வானத்தைச் சின்னத் திறப்பில் எடுத்தால் ஒரு சாம்பல் புள்ளி தெரியும். கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் சுத்தம் செய்ய சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, செலவும் குறைவில்லை. அப்புறம் பேட்டரி. குளிரில் ஒரு முழுநாள் தாங்காது; இரண்டாவது பேட்டரி கட்டாயம், அதைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். ஆஸ்திரேலிய பிளக் பாயின்ட் சாய்ந்த தட்டை முள் கொண்டது, அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். இதுவரை பூஞ்சை வரவில்லை.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால்? உங்கள் போனில் தூரத்தைப் பெரிதாக்கும் தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் பகல் படங்களுக்கு அதுவே போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். அந்திக்குப் பிறகு ஓடும் பிள்ளைகளை எடுக்கும்போது எனக்கு இன்னும் இந்தக் கேமராதான் கைகொடுக்கிறது. பெரிய டிஎஸ்எல்ஆரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை இருக்கும்போது அது வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.