லயனா, சைட்லிட்ஸா: யாருடைய பீரங்கி மேல்?

குண்டின் எடையை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை, லயன்தான். 1912-இல் சேவைக்கு வந்த இந்தப் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் 13.5 அங்குலப் பீரங்கிகள் எட்டு, ஒரு குண்டு 567 கிலோ. அடுத்த வருடம் வந்த ஜெர்மனியின் சைட்லிட்ஸில் 28 செ.மீ. பீரங்கிகள் பத்து, ஆனால் குண்டு 302 கிலோதான். எல்லாம் சேர்ந்து முழங்கினால் நாலரை டன்னுக்கு மூன்று டன். சின்னப் பீரங்கிகளில் சைட்லிட்ஸ் கை ஓங்கும், அது பெரிய விஷயமில்லை.

ஆனால் எனக்குக் குண்டைவிட அதைத் தள்ளும் வெடிமருந்துதான் முக்கியமாகப் படுகிறது. பிரிட்டிஷ்காரர்கள் கார்டைட் என்ற வெடிமருந்தைப் பட்டுப்பையில் கட்டி வைத்தார்கள், ஒரு பொறி போதும். ஜெர்மானியர்களோ முக்கால்வாசி மருந்தைப் பித்தளைக் குப்பிக்குள் அடைத்திருந்தார்கள். முதல் உலகப் போரில், 1915 ஜனவரியில் வட கடலில் நடந்த டாகர் பேங்க் சண்டையில் லயனின் ஒரே குண்டு சைட்லிட்ஸின் பின்பக்க டரட்கள் (பீரங்கி பொருத்திய சுழல் கோபுரங்கள்) இரண்டையும் எரித்து, சுமார் 160 பேரைக் கொன்றது. கப்பல் மட்டும் வெடிக்கவில்லை. வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற மாலுமி, பழுக்கக் காய்ந்திருந்த வால்வைத் திருகி வெடிமருந்து அறைக்குள் கடல்நீரை விட்டார்.

1916 ஜட்லண்ட் கடற்சண்டையில் லயனின் நடு டரட்டில் அடி விழுந்தபோது, அங்கிருந்த மேஜர் ஹார்வி உயிர் போகும் நிலையிலும் மருந்தறைக்குத் தண்ணீர் விடச் சொன்னதால் கப்பல் பிழைத்தது. அதே நாளில் குவீன் மேரி உட்பட மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் (லயன் போன்ற வேகமான பெரிய போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறின. வேகமாகச் சுட வேண்டுமென்று மருந்தறைக் கதவைத் திறந்தே போட்டிருந்த பழக்கமும் ஒரு காரணம். அடிக்க லயன் சரி, ஆனால் உள்ளே நின்று வேலை பார்க்கச் சொன்னால் நான் சைட்லிட்ஸுக்குத்தான் போவேன்.