வெள்ளைப் பணியார மாவு பாக்கெட்: மெத்தென்று வருமா?

காரைக்குடிப் பக்கம் கடைகளில் உலர்மாவாக விற்கும் வெள்ளைப் பணியார மாவைத் தண்ணீரில் கரைத்து உடனே ஊற்றினால் மெத்து வராது. நடு கனத்து, ஓரம் விறைத்து நிற்கும், ஆறியதும் ரப்பர்தான். ஆனாலும் மாவை ஒதுக்க வேண்டியதில்லை. பக்குவம் பார்த்தால் முக்கால்வாசி தேறும்.

இந்த ஊரில் பணியாரத்துக்கு அளவு என்றால், ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது. இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல ஆட்ட வேண்டும். ஊறிய உளுந்து அரைபடும்போது எழும் கொழகொழப்புதான் காற்றைப் பிடித்துவைக்கிறது. மெத்து அதிலிருந்து வருவது. மில்லில் காயவைத்து அரைத்த உளுந்தில் அந்தக் கொழகொழப்பு கிடையாது. பாக்கெட் மாவின் குறை முழுக்க இது ஒன்றுதான்.

அதனால் 1 கப் மாவுக்கு 2 மேசைக்கரண்டி உளுந்தைத் தனியாக ஊறவைத்து, பொங்கப் பொங்க அரைத்துச் சேருங்கள். உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, காய்ச்சி ஆறிய பால் கொஞ்சம். தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்து, கையால் நன்றாக அடித்து, அரை மணி நேரம் வைத்தால் போதும். புளிக்க விடவே கூடாது. புளித்த மாவு எண்ணெயைக் குடிக்கும், வெள்ளை நிறமும் போய்விடும்.

குழிச்சட்டி வேண்டாம், சின்ன வாணலி போதும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், புகையக் கூடாது. நடுவில் ஒரு கரண்டி, ஒரு தடவைக்கு ஒன்றுதான். தானாக மேலெழுந்ததும் எண்ணெயை அள்ளி மேலே விடுங்கள், பணியாரம் உப்பி வரும். திருப்பிப் போட்டு, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். ஓரம் மட்டும் லேசாக மொறுமொறுத்து, நடு பஞ்சாக அமுங்கினால் அதுதான் பதம்.

முதல் பணியாரத்தைப் பிய்த்துப் பார்த்தே மாவைத் திருத்திக்கொள்ளலாம். சப்பையாகப் பரவி, சொதசொதவென்று எண்ணெய் கோத்திருந்தால் உளுந்தோ தண்ணீரோ கூடிவிட்டது: ஒரு கரண்டி அரிசிமாவு. உப்பாமல் கனத்துக் கிடந்தால் மாவு கெட்டி: கொஞ்சம் பால்.

வாங்கும்போது உறையில் பச்சரிசி, உளுந்து, உப்பு தவிர வேறு இருக்கிறதா என்று பாருங்கள். சமையல் சோடா சேர்த்த மாவு வேண்டவே வேண்டாம். பணியாரம் உப்பி வரும்தான், ஆனால் சீக்கிரம் சிவந்து, எண்ணெயும் இழுக்கும். வெள்ளைப் பணியாரம் என்ற பேருக்கே அர்த்தமில்லாமல் போகும்.

தொட்டுக்கொள்ள வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வைத்து அரைத்த காரச் சட்னி.

சாயங்காலப் பலகாரத்துக்கு இந்த மாவைத் தாராளமாக வாங்கலாம். விசேஷ வீட்டுக்கு ஆட்டிய மாவேதான். பால் பணியாரத்துக்கு மட்டும் பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்: அதற்கு அரிசியும் உளுந்தும் சம அளவு வேண்டும், அரிசி தூக்கலான இந்த மாவில் பொரித்த உருண்டை, தேங்காய்ப்பாலில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் உள்ளே கட்டியாகவே நிற்கும்.