விலை மைவிக்குக் கீழே, செலவு மைவிக்கு மேலே: பழைய ஜெர்மன் செடானுடன் என் அனுபவம்

பதினைந்து வயதைத் தாண்டிய ஜெர்மன் சொகுசுக் காரை, மலேசியச் சிறிய காரான பெரோடுவா மைவியைப் புதிதாக வாங்கும் விலையைவிடக் குறைவாகவே வாங்கிவிடலாம். சாலை வரி மட்டும் ஒரு காசு இறங்காது. என் கார் 2,996 சிசி. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள செடான் 2,500 சிசியைத் தாண்டினால் அடிப்படை 880 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50 ரிங்கிட். ஆக வருடத்துக்கு 2,120 ரிங்கிட். வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மனம் மாறாவிட்டால் மேற்கொண்டு படிக்கலாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு பழுதிலிருந்து பெருமைக்குத் திரும்பிவிடும். 2008ஆம் ஆண்டுப் பதிவு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு வேக ஆட்டோ கியர் என்பது போதும். கீழே சொல்லும் கோளாறுகள் எந்தச் சின்னம் தாங்கிய காருக்கும் இந்த வயதில் வரக்கூடியவைதான். ரப்பர் காய்ந்துபோகும், பிளாஸ்டிக் விரிசல் விடும், மின் இணைப்புகளில் பச்சை பூக்கும். கோலாலம்பூரின் வெயிலும் பிற்பகல் மழையும் அதைத் துரிதப்படுத்துகின்றன, அவ்வளவுதான்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, ஏர் சஸ்பென்ஷன் வேண்டாம், சாதாரண ஸ்பிரிங் போதும். இரண்டு, வெள்ளத்தில் நின்ற கார் வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் முங்கிய கார்களை யாரும் மறந்திருக்க முடியாது. இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் நடையைக் கட்டலாம். இருக்கைத் தண்டவாளத்தின் துருவும் பொய் சொல்லாது. உரிமை மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாக்கோம் செய்யும் சோதனையை நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனை சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சரிபார்க்கும். தண்ணீர்ப் பம்புக்கு எத்தனை வயது என்று அதனிடம் கேட்க முடியாது.

முதல் பெரிய கோளாறு ஒரு நல்ல மழைக்குப் பிறகு வந்தது. கோலாலம்பூரின் கூச்சிங் சாலை நெரிசலில் டாஷ்போர்டில் ஏபிஎஸ், ஸ்டீயரிங், கியர் என்று எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. கியர் ஒரே இடத்தில் நின்றுகொண்டது. முதலில் போன பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். திரை நிறையப் பிழைக் குறியீடுகள். கியர்பெட்டியின் மின்கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை காரின் விலையில் கால்பங்கு.

செந்தூலில் நான் இப்போது வழக்கமாகப் போகும் பட்டறையின் போர்மேன், அதாவது மெக்கானிக், ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. பின்பெட்டியைத் திறந்தார், விரிப்பைத் தூக்கினார், ஸ்பேர் டயர் குழிக்குள் கையை விட்டார். கை நனைந்து வந்தது. இந்தக் காரில் பேட்டரி பின்பெட்டிக்குள் இருக்கிறது, அதன் முனையில் பச்சை நிற உப்பு. மீட்டரை வைத்துப் பார்த்தார். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். என்னுடையது 12ஐத் தொடவில்லை. ஸ்டார்ட் செய்யும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. "தம்பி, சாப்பாடு இல்லாமல் எல்லாரும் கத்துகிறார்கள். கத்துகிற ஒவ்வொருவனையும் வேலையை விட்டு நீக்க முடியுமா?" என்றார். அன்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். மின்னழுத்தம் குறைந்தால் காரில் உள்ள ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்கு ஒரு குறியீட்டைப் பதிவு செய்யும். கியர் கணினி தனக்கு மின்சாரம் போதவில்லை என்று முறையிட்டிருக்கிறதே தவிர, கியர்பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை.

புதிய ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் வகை) பேட்டரிக்கு ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டிச் செலவானது. அதைப் பொருத்தினால் மட்டும் போதாது, புதிது வந்திருக்கிறது என்று காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே அது சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? சன்ரூஃபிலிருந்து. பலருக்குத் தெரியாத சங்கதி இது: சன்ரூஃப் மழையை முழுதாகத் தடுப்பதில்லை. கசியும் நீரை ஒரு தொட்டியில் வாங்கி, நான்கு மூலைகளிலிருந்தும் குழாய் வழியாகக் கீழே விடுகிறது. அங்சானா மரத்தடியில் நிறுத்தும் காரில் அந்த மஞ்சள் பூக்கள் மட்கி, குழாய் வாயில் களிம்பாக உட்கார்ந்துவிடும். பிறகு தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வழி தேடிக்கொள்ளும். போர்மேன் புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் நைலான் நரம்பை ஒரு முழம் வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி மழுக்கி, மெதுவாக உள்ளே திரித்தார். பின்சக்கரத்தின் அருகே கருப்பாக ஒரு கோடு வடிந்தது, அப்புறம் தெளிந்த நீர். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்கக் கூடாது என்றார். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டியிருக்குமாம். இதற்கு அவர் கூலி வாங்கவில்லை. நானே மழைக்காலத்துக்கு முன் செய்துகொள்கிறேன்.

அப்படியும் ஓரிரு நாள் நிறுத்தி வைத்தால் புது பேட்டரி சோர்ந்துபோயிற்று. எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை மட்டும் ஸ்குரூடிரைவரால் மூடிவிட்டால், கதவு சாத்தியிருக்கிறது என்று கார் நினைத்துக்கொள்ளும். சாவியைத் தூர வைத்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்தால் கணினிகள் உறங்கப் போய்விடும். அதன் பிறகு ஓடும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. என் காரில் அதைப்போலப் பல மடங்கு. ஃபியூஸ்களைப் பிடுங்கினால் உறங்கிய கணினிகள் விழித்துவிடும், ஆகவே பிடுங்காமலே ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லி வோல்ட் பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் அந்த வழியில் ஓட்டம் இல்லை. ஓட்டம் தெரிந்த ஃபியூஸின் வயரைப் பிடித்துப் போனால், முந்தைய உரிமையாளர் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஜிபிஎஸ் கருவி. சந்தா முடிந்த பிறகும் அது விடிய விடிய யாரையோ அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் கதை வேறு விதம். கெந்திங் ஏற்றம் ஏறி இறங்கிய பிறகு போனட் அருகே இனிப்பான ஒரு வாசம், தரையில் ஒரு சொட்டுக் கூட இல்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆவியாகிவிடுவதால் கசிவு கண்ணில் படாது. குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது, கூலண்ட் தொட்டியின் இரு பாதிகள் ஒட்டும் தையலில் மயிரிழை விரிசல். தொட்டி முந்நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்திருக்கும். ஆனால் அதே வயதுள்ள ஹோஸ், தெர்மோஸ்டாட், மின்சாரத் தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். அளந்து பார்க்காமல் பாகம் மாற்றாதே என்பவன் இங்கே மட்டும் விதிவிலக்கு வைக்கிறேன். பம்பு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை, காராக் நெடுஞ்சாலையில் அலுமினிய எஞ்சின் கொதித்தால் தலைப்பகுதி வளைந்துவிடும், அத்தோடு காரின் கதையும் முடியும்.

P0171, P0174 என்ற குறியீடுகளும் வந்தன. இரண்டு பக்கச் சிலிண்டர்களிலும் எரிகலவையில் காற்று மிகுதி என்று பொருள். ஆக்சிஜன் சென்சார்களை மாற்றலாம் என்று யோசனை சொன்னார்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் சென்சார் கெடுவது அபூர்வம், பொதுவான ஒரு வழியில் காற்று நுழைகிறது என்பதே நியாயமான சந்தேகம். உள்ளே புகையைச் செலுத்தியதும் ஒரு வென்ட் ஹோஸின் மடிப்பிலிருந்து புகை எழுந்தது. விலை அற்பம்.

கியர்பெட்டி எண்ணெய் "ஆயுள் முழுவதும்" போதும் என்று சொல்கிறவர்களிடம் யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். கியர்பெட்டியைச் செய்யும் ஸெட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றினேன். நெரிசலில் இரண்டாவது கியருக்கு இறங்கும்போது இருந்த உதறல் பெரும்பாலும் போய்விட்டது.

பாகங்களுக்கு மூன்று வழிகள். கார் நிறுவனப் பெட்டியில் வருவது விலை உச்சம். அதே பாகத்தைச் செய்துகொடுக்கும் பாஷ், மாலே, லெம்ஃபோர்டர் போன்றோரின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் கணிசமாகக் குறையும், போலிகள் உண்டு என்பதால் கடை தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடை. கதவுக் கைப்பிடி, விளக்கு, இருக்கை மோட்டார் ஆகியவற்றுக்கு அங்கே போவேன். ரப்பரும் பிளாஸ்டிக் குழாயும் அங்கே வாங்குவது வீண், அவையும் இதே வயதுக் கிழங்கள்தான்.

கூரைத் துணி தொங்குகிறது, பொத்தான்களின் மேல்பூச்சு பிசுபிசுக்கிறது. விட்டுவிட்டேன். நகரில் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் குடிக்கிறது. 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட் ஆனதில் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. காப்புறுதி புதுப்பிக்கும்போது வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கிறேன், முழுக் காப்புறுதியில் அது பெரும்பாலும் தானாக வராது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மழையைக் கிழித்துக்கொண்டு சத்தமில்லாமல் போகும்போது, இந்தச் செலவுகளையெல்லாம் மனைவியிடம் நியாயப்படுத்தும் தைரியம் வருகிறது. வீடு வந்ததும் அது குறைந்துவிடுகிறது.

இப்போது மிச்சமிருப்பது ஒரு முனகல். காலையில் முதல் திருப்பத்தில் மட்டும் ஸ்டீயரிங் முனகும், சூடானதும் நின்றுவிடும். புது பவர் ஸ்டீயரிங் பம்புக்கு ஒரு கடையில் விலை சொல்லிவிட்டார்கள். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தால் சிறு குமிழ்கள் தெரிகின்றன, எங்கோ காற்று நுழைகிறது. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கிறது. சனிக்கிழமை செந்தூலில் அந்தக் கிளிப்பை மாற்றிப் பார்த்த பிறகுதான் பம்பைப் பற்றிப் பேச்சு.