மறதி நோய் உள்ள பெரியவருக்கு எது உதவும்: யோகாவா, நடையா, பாட்டா, பேச்சா?

யோகா செய்தால் போன ஞாபகம் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நிலைக்குக் காரணமான நோய்களில் மூளைச் செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. அதைத் தடுத்து நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட ஆசனமோ மூச்சுப் பயிற்சியோ கிடையாது. அப்படியானால் யோகாவே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எதற்காக, எந்த வடிவத்தில் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நாளில் முக்கால் மணி நேரம் மிஞ்சினாலே பெரிய விஷயம். அதை எதற்குக் கொடுப்பது?

இதே கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகக் குழு, டிமென்ஷியா உள்ள 31 முதியவர்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு நாற்காலி யோகா, இன்னொன்றுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாதாரண உடற்பயிற்சி, மூன்றாவதற்கு இசை. வாரம் 2 முறை, 45 நிமிடம், 12 வாரம். கடைசியில் நாற்காலி யோகா செய்தவர்களின் வாழ்க்கைத் தரம் இசைப் பிரிவைவிடத் தெளிவாக மேலே இருந்தது. ஆனால் யோகாவுக்கும் சாதாரண உடற்பயிற்சிக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எனக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்திலேயே உடம்பை அசைக்க வைப்பது பயன் தருகிறது, அதை யோகா என்ற பெயரில் செய்தாலும் சரி, வேறு பெயரில் செய்தாலும் சரி.

அதற்காக இசையை ஒதுக்கிவிடக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் என்ற அமைப்பின் 2018 அறிக்கை, இசை சார்ந்த சிகிச்சைகள் மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்கிறது. கிளர்ச்சியை, அதாவது கத்துவது, அடிக்க வருவது போன்றவற்றை, பெரிதாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. "பாட்டுப் போட்டால் அடங்கிவிடுவார்" என்று எதிர்பார்த்து ஏமாந்துபோகிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்தால்? பிரிட்டனில் டிமென்ஷியா உள்ள 494 பேரை வைத்து நடந்த டாபா (DAPA) என்ற ஆய்வு இதைச் சோதித்தது. 4 மாதம் மேற்பார்வையோடு தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். உடல் தெம்பு கூடியது. அறிவாற்றல் சரிவு மட்டும் குறையவில்லை. நடை நல்லதுதான். இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது, செலவும் இல்லை. கூட ஒருவர் போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, யோகா நினைவாற்றலைக் கூட்டும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2016-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதற்கு ஒரு காரணம். மூச்சு, மந்திரம், தியானம் எல்லாம் கலந்த குண்டலினி யோகாவை 12 வாரம் செய்தவர்களுக்கும், ஞாபகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் நினைவு ஓரளவு மேம்பட்டது. மனச்சோர்வு யோகா பிரிவில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் யாருக்கும் டிமென்ஷியா இல்லை. அதற்கு முந்தைய, லேசான மறதி நிலையில் இருந்தவர்கள். விளம்பரங்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. வேளைக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டவருக்கு இந்த முடிவைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

அறிவாற்றல்தான் குறி என்றால், யோகாவைவிட உறுதியான சான்று உள்ள வழி இருக்கிறது: அறிவுத் தூண்டல் பயிற்சி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவானது. சின்னக் குழுவாக உட்கார்ந்து 7 வாரத்தில் 14 அமர்வுகள்: சாப்பாடு, குழந்தைப் பருவம், பணம், முகங்கள், சொல் விளையாட்டு என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். 2003-இல் வெளியான, டிமென்ஷியா உள்ள 201 பேர் பங்கேற்ற ஆய்வில் அறிவாற்றலும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் லேசான, நடுத்தர நிலைகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறது. குறை என்னவென்றால், பயிற்சி பெற்றவரும் குழுவும் வேண்டும். சின்ன ஊரில் இரண்டும் கிடைப்பது கஷ்டம். நோய் முற்றியவரால் கலந்துகொள்ளவும் முடியாது.

யோகா என்று முடிவு செய்தால், பாயா நாற்காலியா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாற்காலிதான். தரையில் உட்கார்ந்து எழுவதே இவர்களுக்குப் பெரிய வேலை. குனிந்து நிமிரும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். லூயி பாடி வகை டிமென்ஷியாவில் இது இன்னும் அதிகம். கண்ணை மூடச் சொன்னால், எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு. மூச்சை அடக்கும் பயிற்சி, வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி, தலைகீழ் ஆசனங்கள் எதுவும் வேண்டாம். கண் அழுத்த நோயோ இதய நோயோ இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கட்டும், சக்கரம் இருக்கக் கூடாது. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் விதம்தான் முக்கியம். "வலது கையைத் தூக்கி, மூச்சை இழுத்துக்கொண்டே இடது பக்கம் திரும்புங்கள்" என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் முதல் வேலையே மறந்துவிடும். எதிரே உட்கார்ந்து நீங்கள் தூக்குங்கள். "கையைத் தூக்குங்கப்பா" போதும். பார்த்து அவரும் தூக்குவார். வலதா இடதா என்று திருத்த வேண்டாம். இளவயதில் யோகா பழகியவர் என்றால் இன்னும் எளிது. அல்சைமர் வகை டிமென்ஷியாவில் பெயரும் தேதியும் மறந்த பிறகும், உடம்பு பழகிய அசைவுகள் வெகுநாள் தங்கும். வண்டு ரீங்காரம்போல "ம்ம்ம்" என்று மூச்சை விடும் பிரமரியைக் கட்டாயம் சேர்ப்பேன். சொல் வராதவருக்கும் ஓசை வரும்.

ஆகவே என் வரிசை இது. ஆரம்ப நிலையில், கிடைக்கிற ஊராக இருந்தால் அறிவுத் தூண்டல் பயிற்சி, கூடவே நடை. நடுத்தர நிலையில் நாற்காலி யோகாவுக்கு முதலிடம். முடிக்கும்போது அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று. படுக்கையோடு கிடப்பவருக்குப் பாட்டும், கையைப் பிடித்து மெதுவாக நீவிவிடுவதும்.

நடுத்தர நிலையில் யோகாவை முன்னே வைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: பார்த்துக்கொள்கிறவர். டிமென்ஷியா நோயாளிகளைக் கவனிக்கும் 39 குடும்பத்தினரை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், தினம் 12 நிமிடம் கீர்த்தன் கிரியா என்ற, மந்திரம் சொல்லி விரல்களைத் தொட்டபடி செய்யும் யோக தியானத்தை 8 வாரம் செய்தவர்களுக்கு, இளைப்பாறும் இசை கேட்டவர்களைவிட மனச்சோர்வு அதிகம் குறைந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகாட்டும் மகளுக்கோ மருமகளுக்கோ அந்த நேரம் வீண் இல்லை. சில நாள் அப்பா "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விடுவார். வற்புறுத்த வேண்டாம். அவர் பார்வையில் படுகிற இடத்தில் உட்கார்ந்து, அந்த 12 நிமிடத்தை உங்களுக்காகச் செய்யுங்கள்.